நிழல்களின் பத்தரை மணி

நிழல்கள் முதன்முதலாக உட்கார்ந்த அன்று கூனிப்பாறை எஸ்டேட்டில் யாரும் கூச்சல் போடவில்லை, யாரும் மயங்கி விழவில்லை, கோயிலுக்கும் சர்ச்சுக்கும் யாரும் ஓடவில்லை. பங்களாவுக்கு நேர் எதிரே இருக்கும் கிழக்குத் தேயிலைக் காட்டில் பெண்கள் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருக்க, அவர்கள் காலடியில் கிடந்த நிழல்கள் மட்டும் தலையில் மாட்டியிருந்த பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாக நடந்து, சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து டீ குடித்தன.

முதலில் பார்த்தவள் பேச்சியம்மாள். அந்தக் காட்டில் எல்லாருக்கும் மூத்தவள், வாயும் கையும் ஒரே வேகம். கொழுந்து கிள்ளுவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"என்னோடத பாரு. காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, வெக்கங்கெட்டது."

"உக்காரட்டும் விடுக்கா. அதுக்காவது குடுத்து வெச்சிருக்கே" என்றாள் அடுத்த வரிசையில் இருந்தவள்.

அவ்வளவுதான் பேச்சு. கால் மணி நேரம் கழித்து நிழல்கள் எழுந்து, சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, திரும்பி வந்து அவரவர் காலடியில் ஒட்டிக்கொண்டன. அன்று மாலை எடை போடும் இடத்தில் இதைப் பற்றிப் பேசியதைவிட, மேல் லைன் வீடுகளில் தண்ணீர் வராததைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

என்னைக் கேட்டால் நிழல்கள் உட்கார்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை. உட்கார விடாமல் ஆக்கினார்களே, அதுதான் ஆச்சரியம். அதை யாரும் ஆச்சரியம் என்று சொல்லவில்லை, பேப்பரில் போடவில்லை, அதைப் படம் பிடிக்க யாரும் மலையேறி வரவில்லை. நான் அமலோற்பவம். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா. காலை ஏழு மணிக்குக் காட்டுக்குப் போகிற அம்மாமார்கள் பிள்ளைகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், மாலையில் வாங்கிக்கொள்வார்கள். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, அதைத் தெரிந்துகொண்டே மேலே கேளுங்கள்.

வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பங்களா எங்கள் எஸ்டேட்டில் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. வௌவால் மட்டும்தான் குடியிருந்தது. புது மேனேஜர் விஷ்ணுதாஸ் வந்தார், வௌவாலை விரட்டினார், சுண்ணாம்பு அடித்தார், வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் போட்டார், பங்களா விருந்தினர் விடுதி ஆனது. ஊரிலிருந்து கார் காராக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு நம் டீ இல்லை, கிரீன் டீ. கொழுந்தைக் கறுக்க விடாமல் ஆவியில் காட்டி, உருட்டி, காயவைத்து, வெந்நீரில் போட்டால் வெளிர்ப்பச்சையாக ஒரு தண்ணீர் வரும், அதுதான். பங்களா சமையல்காரர் ஒருநாள் மிச்சத்தைப் பேச்சியம்மாளுக்குக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "புல்லு கழுவுன தண்ணிக்கு இவ்வளவு பெரிய ஜாடியா" என்று கேட்டாள்.

அந்தக் கிரீன் டீயை எப்போது குடிப்பது என்று சொல்வதற்கென்றே ஒரு நலவாழ்வு ஆலோசகர் வந்தார். நல்ல பெண்மணி, என்னைப் பார்த்தால் கும்பிடுவார். வெறும் வயிற்றில் குடித்தால் வயிற்றைப் புரட்டும், சாப்பாட்டோடு குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் ஒட்ட விடாது, பொழுது சாய்ந்து குடித்தால் தூக்கம் போய்விடும், ஆகவே காலைச் சாப்பாடு செரித்து மதியப் பசி எடுக்காத அந்த இடைவெளிதான் சரி என்று விருந்தினர்களுக்கு விளக்குவார். வராந்தாவில் ஒரு மரப்பலகையும் தொங்கவிட்டார்கள். 'தேநீர் அருந்தச் சிறந்த நேரம் காலை பத்தரை மணி.' பெரிய எழுத்து, எதிரே கிழக்குக் காட்டிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும்.

அந்த அம்மாள் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொன்னது சரிதான். விடிவதற்கு முன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, ஏழு மணிக்கு மலையேறி, பனி ஈரத்தில் இடுப்பு வரை நனைந்து, குனிந்த முதுகு குனிந்தபடியே நிற்கிற பெண்ணுக்கும் பத்தரைதான் நல்ல நேரம். எங்களுக்கு அதை ஆலோசகர் யாரும் வந்து சொல்லவில்லை, இடுப்பு சொன்னது. எஸ்டேட் ஆரம்பித்த காலத்திலிருந்து அந்த நேரத்துக்கு விசில் அடிக்கும், பெண்கள் பையை இறக்குவார்கள், மரத்தடியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பால் இல்லாத டீயைக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். கைப்பிள்ளைக்காரிகள் மட்டும் உட்கார மாட்டார்கள். அவர்கள் சரிவில் ஓடி என் காப்பகத்துக்கு வருவார்கள். மூச்சு வாங்க வந்து, தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மாரில் போட்டுக்கொண்டால், அப்புறம் அந்தக் கால் மணி நேரம் காப்பகத்தில் பிள்ளைகள் விழுங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது.

வந்தது வினை. விருந்தினர்கள் பத்தரைக்கு வராந்தாவில் உட்கார்ந்து கோப்பையைக் கையில் எடுத்து எதிரே பார்த்தால் மலை காலியாக இருந்தது. பச்சை இருந்தது, பெண்கள் இல்லை. மரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு கருப்பட்டி கடிக்கும் பெண்களை யாருக்குப் படம் எடுக்கத் தோன்றும்? இலை பறிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இலைத் தண்ணீரைக் குடிப்பதுதானே அழகு என்று எவரோ ஒரு விருந்தினர் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை பெயர் கூப்பிடும் இடத்தில் மேனேஜர் நின்றார். எல்லாருக்கும் தலையில் கட்ட ஒரே மாதிரிச் சிவப்புத் துணி கொடுத்தார். பத்தரை மணி டீ இனிமேல் கிடையாது என்றார்.

"டீயே குடிக்க வேண்டாம்னு யாரு சொன்னா? வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி குடிங்க. முடிச்சுட்டுப் போய்க் குடிங்க. நடுவுல மட்டும் வேண்டாம். அது கெஸ்ட் பாக்குற நேரம்."

வரிசையிலிருந்து சுகந்தி கை தூக்கினாள். அந்தச் சமயத்தில் காட்டில் கைப்பிள்ளைக்காரி அவள் ஒருத்திதான், அப்போதுதான் தலைப்பிரசவம் ஆகியிருந்தது. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பச்சை உடம்போடு வேலைக்குத் திரும்பியவள். பிள்ளை தாரிகா என் தொட்டிலில் கிடந்தாள்.

"எம்புள்ளைக்குப் பால் குடுக்கப் போவணுமே தொரை."

"அதுக்குத்தானே காப்பகத்துல ஆயா இருக்காங்க."

"ஆயாவுக்குப் பால் வராதுங்களே."

பெண்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. அது என் பிரச்சினை இல்லை என்கிற மாதிரி கடிகாரத்தைப் பார்த்தார், எல்லாரும் காட்டுக்குப் போனார்கள், அன்றைக்குத்தான் நிழல்கள் உட்கார்ந்தன.

முதல் வாரம் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. சூப்பர்வைசரை அனுப்பி மரத்தடியில் விசில் ஊதச் சொன்னார். நிழலுக்கு விசில் கேட்குமா? சூப்பர்வைசர் கம்பை வைத்துத் தட்டிப் பார்த்தார், நிழல்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கும் இடம் விட்டன. ஆனால் விருந்தினர்கள் மயங்கிப் போனார்கள். இந்தப் பக்கம் சிவப்புத் துணியில் பெண்கள் குனிந்து வேலை செய்கிறார்கள், அந்தப் பக்கம் அவர்களுடைய நிழல்கள் வட்டமாக உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகின்றன, இப்படி எந்த மலையில் பார்க்க முடியும் என்று சொல்லி இன்னும் ஒரு நாள் தங்கினார்கள். அப்புறம் மேனேஜருக்கும் பிடித்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்கும் பழகிவிட்டது. அதைச் சொல்லத்தான் எனக்கு வயிறு எரிகிறது. நிழல் உட்கார்ந்தால் தங்களுக்கும் இடுப்பு வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள், ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நிழல் குடிப்பதற்காகப் பாட்டிலில் சர்க்கரை கூடப் போட்டு எடுத்துவந்து, மரத்தடியில் ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள், மாலையில் அது அப்படியே ஆறிக் கிடப்பதை எடுத்து வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். யாருடைய நிழல் யாருடைய நிழலோடு பேசவில்லை என்பதை வைத்து லைன் வீடுகளில் சண்டை வந்தது. மேகம் இறங்கிய நாட்களில் நிழலே விழாது, அன்றைக்கு நிழல்களுக்கும் ஓய்வு இல்லை, ஆகவே பெண்கள் வெயிலுக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். மழைக்காக வேண்டும் சாமியிடம் வெயில் கேட்டால் அவள்தான் என்ன செய்வாள்?

புருஷன்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. மருந்தடிக்கிறவர்களும் ஃபேக்டரிக்குப் போகிறவர்களும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கையில் கண்ணாடி கிளாஸைப் பிடித்துக்கொண்டு, நம் பொம்பளைகளுக்கு என்ன குறை, நிழல்கூட ரெஸ்ட் எடுக்குது என்று பேசிக்கொண்டார்கள். பேசிய வாய்க்குள் டீ போய்க்கொண்டே இருந்தது.

பிறகு தலைவர் வந்தார். தொழிற்சங்கத் தலைவர் தங்கப்பாண்டி, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாதவர். இந்த அநியாயத்தைச் சும்மா விடப்போவதில்லை என்று மைக் பிடித்துச் சொன்னார், எங்களுக்கும் உடம்பு சிலிர்த்தது. பங்களாவுக்குப் போனார், கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள், வெளியே வந்தபோது அவர் கழுத்தில் மாலை இருந்தது. ஒப்பந்தம் ஆகிவிட்டதாம். மைதானத்தில் பந்தல் போட்டு அதை அவரே வாசித்தார்.

"கூனிப்பாறை எஸ்டேட் பெண் தொழிலாளர்களின் நிழல்களுக்குத் தினமும் காலை பத்தரை மணிக்குக் கால் மணி நேரத் தேநீர் இடைவேளை உண்டு. இந்த நேரத்தில் நிழல்களை யாரும் விரட்டவோ மிதிக்கவோ கூடாது. தொழிலாளர்கள் வழக்கம்போல் வேலையைத் தொடர்வார்கள்."

கை தட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கை தட்டினார்கள். நிழலை மிதிக்கக் கூடாது என்று எந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது, இது சரித்திரம் என்றார் தலைவர். லட்டு கொடுத்தார்கள். நானும் ஒரு லட்டு வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

"ஏக்கா, இது என்னக்கா நமக்குக் கெடச்சது?"

"டீ கெடச்சிருக்கு."

"யாருக்கு?"

பேச்சியம்மாள் லட்டை ஒரு கடி கடித்துவிட்டு, மென்று, விழுங்கி, அப்புறம்தான் பேசினாள். "உனக்கு எதுலயும் குத்தம் கண்டுபிடிச்சே பழகிப்போச்சு அமலா."

காப்பகத்தில் என்ன நடந்தது என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நிழல்கள் எல்லாம் மரத்தடியில் உட்காரும் நேரத்தில் சுகந்தியின் நிழல் மட்டும் உட்காருவதில்லை. சரிவில் ஓடிவரும். பழைய மாதிரியே ஓடிவரும். கதவுக்கு அடியில் நுழைந்து, சிமெண்டுத் தரையில் நீண்டு, சுவரில் ஏறி, தொட்டில் சேலையின் மேல் வந்து கவிந்துகொள்ளும். அதுவரை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும் தாரிகா சட்டென்று அழுகையை நிறுத்துவாள். அம்மாவை எந்தப் பிள்ளைக்கு அடையாளம் தெரியாது? வாயைத் திறந்து அந்த இருட்டைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சுவாள், உறிஞ்சுவாள், உறிஞ்சிக்கொண்டே இருப்பாள். விழுங்கும் சத்தம் மட்டும் வராது. கால் மணி நேரம் கழிந்து நிழல் போனபின் பிள்ளை கொஞ்ச நேரம் சும்மா கிடப்பாள், குடித்தோம் என்று நம்பிக்கொண்டு. பிறகு வயிறு நம்பாது.

பால் பவுடர் கரைத்துப் பாட்டிலில் கொடுத்தால் நாக்கால் தள்ளிவிடுவாள். சங்கில் ஊட்டினால் துப்பிவிடுவாள். அம்மா இப்போதுதான் வந்துவிட்டுப் போனாள், மறுபடியும் வருவாள் என்று காத்திருக்கிற பிள்ளைக்கு ரப்பர் காம்பைக் காட்டினால் அது ஏன் வாங்கும்? நாளுக்கு நாள் பிள்ளை லேசாகிக்கொண்டே வந்தாள். தூக்கினால் விலா எலும்பு என் விரலில் தட்டியது. கடைசியில் அழும்போது வாய்தான் திறந்தது, சத்தம் வரவில்லை.

அங்கே காட்டில் சுகந்திக்கு நேரெதிர். நிழல் பிள்ளையிடம் போன அடுத்த நிமிஷம் அவளுக்குப் பால் சுரந்துவிடும். மார் விம்மி, ரவிக்கை நனைந்து, கொழுந்துப் பையின் பட்டியெல்லாம் ஊறி, மலைக்காற்றில் அந்த ஈரம் சில்லிட்டுக் குத்தும். அவள் இரண்டு கையாலும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பால் கட்டி மார் கல்லாகி, தொட்டாலே உயிர் போகும், காய்ச்சல் வரும். ஒரு நாள் ஒரு விருந்தினர், தான் எடுத்த படத்தில் ஒரு பெண்ணின் ரவிக்கை நனைந்திருப்பது பார்க்க நன்றாக இல்லை என்று சொன்னாராம். மறுநாள் சூப்பர்வைசர் சுகந்திக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொடுத்து மாரில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பெற்ற பிள்ளை பட்டினி கிடக்கிறது, அதன் பாலைப் பிளாஸ்டிக் போட்டு மறைக்கச் சொல்கிறார்கள். இதைக் கேட்டும் மலை சரிந்து விழவில்லை. சுகந்தி கட்டிக்கொண்டாள். என்ன செய்வாள், வேலை இல்லை என்றால் லைன் வீடும் இல்லை.

அன்று மாலை பிள்ளையை வாங்க வந்தபோது அவளிடம் நான் மறைக்கவில்லை.

"சுகந்தி, ஓன் நெழலு வருதுதான். புள்ளையும் சப்புதுதான். ஆனா ஒண்ணும் உள்ள போகலடி."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருக்க?"

"ராவெல்லாம் குடுத்துப் பாக்குறேன்க்கா. கட்டிப்போன மாருல வர மாட்டேங்குது. அதுவும் சப்பிச் சப்பி ஓஞ்சு தூங்கிருது." பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டாள். "ஒப்பந்தம் போட்டாச்சுங்கிறாங்க. நான் ஒருத்தி போய் என்னத்தக் கேக்குறது?"

மறுநாள் நல்ல வெயில். நிழல் ஓடிவந்தது, தொட்டிலில் கவிந்தது, கால் மணி நேரம் ஆனது, மற்ற நிழல்கள் எல்லாம் மரத்தடியிலிருந்து எழுந்து வேலைக்குத் திரும்பின. சுகந்தியின் நிழல் போகவில்லை. நான் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தேன். தொட்டிலைச் சுற்றிக்கொண்டு அப்படியே கிடந்தது. மதியம் ஆனது, மற்றவர்கள் எல்லாருடைய நிழலும் குறுகிக் காலடியில் ஒடுங்கியபோதும் அது ஒடுங்கவில்லை. சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். ஒப்பந்தப்படி கால் மணிக்கு மேல் நிழல் வெளியே இருக்கக் கூடாது, வரச் சொல் என்றார்.

"நீங்களே கூப்பிட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மிரட்டினார், கடைசியில் கொஞ்சம் கெஞ்சினார்கூட. நிழல் அசையவில்லை. அன்று முழுவதும் சுகந்தி நிழல் இல்லாமல் வேலை செய்தாள். மாலையில் வந்து பிள்ளையை அவள் தூக்கிய பிறகுதான் அது அவள் காலில் போய் ஒட்டிக்கொண்டது. ஊரில் அதற்கும் ஒரு பேச்சு. ஒருத்தியால் எல்லாருடைய நிழலுக்கும் கிடைத்த டீ போய்விடப் போகிறது, நிழலை அடக்கி வை என்று அவள் வீட்டு வாசலில் போய்ச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

அதற்கும் மறுநாள் காலை தாரிகா கண்ணைத் திறக்கவே யோசித்தாள். பத்தரை ஆனது. நிழல் வந்தது, தொட்டிலில் கவிந்தது. பிள்ளை வாயைத் திறந்தாள், சப்புவதற்கு அவளிடம் தெம்பு இல்லை. அந்த நிழல் தொட்டிலைவிட்டு இறங்கித் தரையில் என் காலடிக்கு வந்தது, கதவு வரை போனது, திரும்பி வந்தது, மறுபடியும் கதவு வரை போனது. எனக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்ற பிள்ளைகளைக் காப்பகத்தில் கஞ்சி காய்ச்சும் அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தாரிகாவைத் தொட்டில் சேலையோடு வாரி எடுத்துக்கொண்டு கிழக்குக் காட்டுக்கு ஏறினேன். நிழல் எனக்கு முன்னால் ஓடியது.

காட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. சிவப்புத் துணிகள் வரிசையாகக் குனிந்திருந்தன. மரத்தடியில் நிழல்கள் டீ குடித்துக்கொண்டிருந்தன. எதிரே பங்களா வராந்தாவில் விருந்தினர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஆலோசகர் அம்மாள் கெண்டியிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார், மேனேஜர் நின்றுகொண்டிருந்தார், அவர் பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுத் தலைவர் தங்கப்பாண்டி உட்கார்ந்து கிரீன் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்துக்குப் பிறகு அடிக்கடி வருகிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

சுகந்தி தலை நிமிர்ந்து பார்த்தாள். தன் நிழல் தன்னை நோக்கி ஏறி வருவதையும், அதன் பின்னால் நான் வருவதையும், என் கையில் சேலைச் சுருட்டு அசையாமல் இருப்பதையும் பார்த்தாள். அவள் தலையிலிருந்து பைப் பட்டியைக் கழற்றினாள். பையைச் செடிமேல் போட்டாள். மாரில் கட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை அவிழ்த்து அதன்மேல் எறிந்தாள். நடந்து போய் மரத்தடியில், நிழல்களுக்கு நடுவில், சில்வர் ஓக்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

முதலில் பால் வரவில்லை. வலியில் அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு மாரைப் பிழிந்தாள், கண்ணீர் வழிந்தது. பிறகு ஒரு சொட்டு பிள்ளையின் உதட்டில் விழுந்தது. பிள்ளை நக்கிப் பார்த்தாள். கண்ணைத் திறந்தாள். பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் நான் வாரக்கணக்கில் கேட்காத அந்தச் சத்தம் கேட்டது. விழுங்கினாள்.

சூப்பர்வைசர் விசில் ஊதினார். வராந்தாவில் விருந்தினர்கள் எழுந்து நின்றார்கள். தலைவர் கோப்பையைக் கையில் வைத்தபடியே படியிறங்கி, வேலி வரைக்கும் ஓடிவந்தார்.

"ஏம்மா சுகந்தி, என்னம்மா பண்ற? எவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசி வாங்குனது இது. ஒப்பந்தத்துல நெழலுதாம்மா உக்காரலாம்."

சுகந்தி பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "என் நெழலுக்குப் பால் இல்லண்ணே. எனக்குத்தான் இருக்கு."

தலைவர் கையில் இருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பேச்சியம்மாளின் கை நின்றதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். கிள்ளிய கொழுந்து விரலிடுக்கில் இருக்க, அவள் மரத்தடியையே பார்த்தாள். அங்கே அவளுடைய நிழல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் அவள் வைத்துவிட்டுப் போன பாட்டில், ஆறிப்போன டீ. அவள் முகம் கறுத்தது. லட்டு தின்ற நாள் ஞாபகம் வந்ததோ என்னவோ. பையை இறக்கினாள். செடிகளை விலக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். "நவுரு" என்று தன் நிழலைப் பார்த்துச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து, அதே மாதிரி காலை நீட்டினாள். பின்னாலேயே அடுத்த வரிசைக்காரி வந்தாள். அதற்குப் பின்னால் மற்றவர்கள். ஒவ்வொருத்தியாகச் சிவப்புத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார உட்கார, நிழல்கள் சுருங்கி அவரவர் மடிக்கடியில் போய் ஒடுங்கின. கிழக்குக் காட்டில் இலைதான் மிச்சம் இருந்தது.

மேனேஜர் வராந்தாவிலிருந்தே சத்தம் போட்டார். "என்ன நடக்குது அங்க? இது என்ன டீ குடிக்கிற நேரமா?"

பேச்சியம்மாள் பாட்டில் மூடியைத் திருகித் திறந்தாள். அண்ணாந்து, அவருடைய தலைக்கு மேல் தொங்கும் பலகையைக் கையால் காட்டினாள். "நீங்கதானே தொரை எழுதி மாட்டியிருக்கீங்க. டீ குடிக்கப் பத்தரைதான் நல்ல நேரம்னு அதுல போட்டிருக்காமே."

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள், விருந்தினர்களில் ஒருவர்தான். மேனேஜர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். ஆலோசகர் அம்மாள் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, படம் எடுக்கத் தூக்கியிருந்த ஒரு விருந்தினரின் கையை மெல்ல இறக்கிவிட்டார்.

நாங்கள் குடித்தோம். ஆறிப்போன டீதான், சர்க்கரை கூடப் போட்டது, நிழல்களுக்கென்று கொண்டுவந்தது. சுகந்திக்குத்தான் முதல் மூடி டீயை ஊற்றிக் கொடுத்தாள் பேச்சியம்மாள், மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை, கருப்பட்டியில் பெரிய துண்டாகப் பார்த்து உடைத்து அவள் வாயில் வைத்தாள். எதிர் மலையில் மேகம் ஏறத் தொடங்கியது. மேகம் வந்து மூடி நிழல்கள் எல்லாம் மறைந்தன, யாரும் எழுந்திருக்கவில்லை.

கால் மணி நேரம் ஆனதும் சூப்பர்வைசர் மறுபடியும் விசில் அடித்தார். தாரிகா திடுக்கிட்டு வாயை எடுத்தாள். தாடையெல்லாம் பால். சுகந்தி முந்தானையால் துடைத்துவிட்டு, பிள்ளையை அடுத்த பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"இருங்க சார்" என்றாள். "இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு."